எச்.ஐ.வி.க்குத்தான் மருந்து வந்துவிட்டதே, இன்னும் என்ன விழிப்புணர்வு?

கேள்வி – 1 டிசம்பர் 2025

உலக எய்ட்ஸ் தினம் என்று இன்றைக்கும் அலுவலகத்தில் சிவப்பு ரிப்பன் குத்திவிட்டு உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. சர்க்கரை, பி.பி. மாதிரி இதுவும் ஒன்று. பிறகு எதற்கு வருடா வருடம் இந்தக் கூத்து? பயமுறுத்துவதை நிறுத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாமே?

1 டிசம்பர், இரவு

பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நான் இருபத்து மூன்று வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். டாக்டர் இல்லை, சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. ஆனால் ரிப்போர்ட் வாங்கும் கைகளை நான் எந்த டாக்டரைவிடவும் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை என்று வந்தவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு, “முன்னூற்றுப் பத்தாம்” என்று சத்தமாகச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் “எனக்கு நானூறு இருந்தது சார்” என்று பேச்சில் சேர்ந்துகொள்கிறார். எச்.ஐ.வி. ரிப்போர்ட் வாங்கியவர் கவரை இரண்டாக மடிக்கிறார், நான்காக மடிக்கிறார், அப்புறம் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறார். மாத்திரை மாறிவிட்டது. கவரை மடிக்கிற விதம் மாறவில்லை.

2 டிசம்பர்

எண்களை முதலில் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வோம். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு இந்த வருடம் வெளியிட்டது, 2024-க்கான மதிப்பீடு: எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 8 லட்சம். சிகிச்சையில் இருப்பவர்கள் 3 கோடியே 16 லட்சம். அந்த ஒரு வருடத்தில் புதிதாகத் தொற்றியவர்கள் 13 லட்சம், இறந்தவர்கள் 6 லட்சத்து 30 ஆயிரம். உச்சத்தில், 2004 வாக்கில், வருடத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல் இறந்துகொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள். 92 லட்சம் பேர். “மருந்து வந்துவிட்டது” என்ற வாக்கியம் அவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதில் பாதிக்கு மேல் தங்களுக்குத் தொற்று இருக்கிறது என்பதையே அறியாதவர்கள். மருந்து இருந்து என்ன, வாங்க வேண்டியவருக்கே தெரியாதபோது?

3 டிசம்பர்

“உயிர்க்கொல்லி நோயான எய்ட்ஸ்” என்று யாரோ ஒருவர் எப்போதோ எழுதினார். அதற்குப் பிறகு தமிழில் அந்த அடைமொழி இல்லாமல் எய்ட்ஸ் செய்தியே வருவதில்லை, ‘நள்ளிரவில் பயங்கரம்’ மாதிரி. இந்த விஷயத்தில் கேள்வி கேட்டவர் பக்கம்தான் நான். அந்தச் சொல்லைக் கழற்றி வைத்தால் நல்லது.

இன்னொன்று: ‘எய்ட்ஸ் டெஸ்ட்’ என்று ஒன்று கிடையாது. நாங்கள் பார்ப்பது எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா என்று. எச்.ஐ.வி. கிருமி, எய்ட்ஸ் அது முற்றிய கட்டம். ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டியவை 200-க்குக் கீழே போனாலோ, காசநோய் மாதிரி சில நோய்கள் வந்து உட்கார்ந்தாலோ எய்ட்ஸ் என்பார்கள். தொற்று உள்ள பெரும்பாலானவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலேயே முதுமை அடைவார்கள்.

3 டிசம்பர், கொஞ்ச நேரம் கழித்து

தமிழில் எய்ட்ஸின் முழுப் பெயர் ‘பெறப்பட்ட நோய் எதிர்ப்புக் குறைபாட்டு நோய்க்குறித் தொகுப்பு’. பயிற்சி வகுப்பில் இதை ஒரே மூச்சில் சொன்னவருக்குப் பேனா பரிசு கொடுத்தார்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

5 டிசம்பர்

ஒரு மாத்திரை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். அது வந்த வழி லேசானதில்லை.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வரக்கூடாத நிமோனியா வந்ததாக ஒரு சின்ன அறிக்கை. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்டனியரும் இருந்த குழு கிருமியைப் பிரித்தெடுத்தது. முதல் மருந்து ஏ.இசட்.டி., 1987-ல் அனுமதி பெற்றது. 1964-லேயே புற்றுநோய்க்காகச் செய்து பார்த்து, உதவாது என்று ஓரமாக வைத்த சரக்கு அது. ஆரம்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வேண்டும், நடுராத்திரியிலும். மாத்திரை டப்பாவே பீப் பீப் என்று கத்தும். தியேட்டரில் நான்கைந்து டப்பா ஒன்றாகக் கத்தினால் யார் யாருக்கு என்ன என்று ஊருக்கே தெரிந்துவிடும். இவ்வளவு பாடுபட்டும் சில மாதத்தில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது.

ஏன் பழகியது? எச்.ஐ.வி. தன்னை நகல் எடுக்கும்போது ஏகப்பட்ட பிழை விடுகிறது. பார்த்து எழுதவும் தெரியாத பையன். ஆனால் அந்தப் பிழைகளில் ஏதாவது ஒன்று மருந்துக்குப் பிடிபடாத வடிவமாக அமைந்துவிடும். பிழைதான் அதன் பிழைப்பு. (மன்னிக்கவும், வாய்ப்புக் கிடைத்தது, விட மனமில்லை.) மூன்று மருந்தை ஒரே சமயத்தில் கொடுத்தால் மூன்றுக்கும் தப்பிக்கிற பிழை ஒன்றாக அமைவது மிகக் கடினம். 1996-ல் வான்கூவரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் இந்தக் கூட்டுச் சிகிச்சையின் முடிவுகள் வந்தபோது, சாவதற்குத் தயாராகக் கணக்கு வழக்கை முடித்து வைத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அப்போதும் கைநிறைய மாத்திரை. ஒன்று வெறும் வயிற்றில், ஒன்று சாப்பிட்டதும். மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில், நாளைக்கு ஒரு தடவை என்று ஆனது 2006-ல். இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை. பக்கவிளைவு குறைவு, கிருமிக்கு அதை ஏமாற்றுவதும் கஷ்டம்.

6 டிசம்பர்

“உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால் பயமில்லை, எங்களுக்கு அப்படியா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, சொல்லிவிடுகிறேன்.

2008. ரத்தம் எடுத்த ஊசியை டப்பாவில் போடப் போனேன். டப்பா நிரம்பி மேலே ஒரு ஊசி தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அழுத்தினேன். கையுறைக்குள் சுருக்கென்றது, இடது ஆள்காட்டி விரலில். நிரம்பிய டப்பாவை மாற்ற வேண்டியது என் வேலைதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன், குண்டுமணியில் பாதி அளவுக்கு ரத்தம். அடுத்து நான் செய்தது என்ன தெரியுமா? விரலை வாயில் வைத்தேன். ஆறு வருடமாக மற்றவர்களுக்கு “சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள்” என்று வகுப்பெடுத்தவன்.

அன்று காலை எடுத்ததில் ஒரு ரத்தம் பாசிட்டிவ். குத்தியது அந்த ஊசிதானா என்று சொல்ல வழியில்லை. டியூட்டி டாக்டர் இரண்டு மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பித்துவிட்டார். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். அப்போது ஜிடோவுடினும் லாமிவுடினும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. ஜிடோவுடின் என்பது மேலே சொன்ன அதே பழைய ஏ.இசட்.டி.தான். காலையில் பல் தேய்க்கும்போதே குமட்டும். இருபத்தெட்டு நாளில் நாலு கிலோ போனேன்.

குமட்டல் பெரிதில்லை. வீட்டில் என் டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னல் மேல் வைத்தேன். துண்டைத் தனியாகக் காயப்போட்டேன். ஹாலில் படுத்தேன். ரேசரைத் தனியாக வைத்ததும், மனைவியிடம் சொல்லி ஆணுறைக்கு மாறியதும் சரி, அவை செய்ய வேண்டியவை. ஆனால் டம்ளர்? மகளுக்கு அப்போது இரண்டு வயது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். தொட்டால் பரவாது, தூக்கினால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது என்று அன்று பகலில் மூன்று பேருக்காவது சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

பத்தாவது நாளோ என்னவோ, மனைவி அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் கண்ணெதிரே குடித்துவிட்டு, கழுவி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தாள். “நீங்கள் எழுதிக் கொடுத்த நோட்டீஸை நீங்களே படிக்கவில்லையா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி மகளைத் தூக்கினேன். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், மூன்று டெஸ்ட்டும் நெகட்டிவ்.

தெரிந்திருப்பது வேறு, பயமில்லாமல் இருப்பது வேறு என்று அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

6 டிசம்பர், இரவு

இதைப் போட்டபின் ஒரு சந்தேகம் வரும், முன்கூட்டியே சொல்கிறேன். தொற்றுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மாத்திரை எதுவும் சாப்பிடாவிட்டாலும், ஆயிரம் குத்தலில் மூன்றில்தான் தொற்றும். நான் பயந்தது அந்த மூன்றுக்கு.

7 டிசம்பர்

திருத்தம். மூன்று என்பது பழைய கணக்கு, வகுப்பில் படித்தது வாயில் அப்படியே நிற்கிறது. பிறகு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில் 0.23 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அதற்காக மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம். குத்தினால் கழுவுங்கள், உடனே போங்கள், 72 மணி நேரம் இருக்கிறதே என்று மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். இது ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இல்லை. ஆணுறை கிழிந்தாலும், யாராவது பலவந்தம் செய்திருந்தாலும் இதே மாத்திரை, இதே 72 மணி நேரம்.

7 டிசம்பர், மாலை

ரிப்பன் என்றதும் ஞாபகம் வந்தது. அந்தச் சிவப்பு ரிப்பன் 1991-ல் நியூயார்க் கலைஞர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. எங்கள் கூடத்தில் ஒரு வருடம் ரிப்பன் பற்றவில்லை. ஒருவர் தன்னுடையதைக் கழற்றி இன்னொருவருக்குக் குத்திவிட்டார், குண்டூசி விரலில் ஏறிவிட்டது. குத்து வாங்கியவர் கூட்டம் முடிகிறவரை வெளிறிப்போய் நின்றுவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “அண்ணா, இதனால் ஒன்றும் ஆகிவிடாதே?” விழிப்புணர்வு நாளில், விழிப்புணர்வு ரிப்பனால்.

9 டிசம்பர்

கொசு. வந்துவிட்டது கேள்வி. ஒவ்வொரு வருடமும் வரும், நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பரவாது. கொசு நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது, அடுத்த ஆளுக்குள் செலுத்துவது தன் எச்சிலை. ரத்தமும் எச்சிலும் அதற்குத் தனித்தனிக் குழாய். மலேரியா, டெங்குக் கிருமிகளுக்குக் கொசுவின் உடம்பில் பெருகி எச்சில் வரை போகத் தெரியும். எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனித வெள்ளணு வேண்டும், கொசுவிடம் அது இல்லை. வயிற்றில் செரித்துப் போகும். இன்னும் எளிமையாக: கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. கொசுவால் பரவுமென்றால் தொட்டில் குழந்தைக்கும் தாத்தாவுக்கும் ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். ஆரம்ப காலத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள்.

10 டிசம்பர்

இனி நல்ல செய்தி. என்னைக் கேட்டால் கடந்த இருபது வருடத்தில் இந்தத் துறையில் வந்த மிகப் பெரிய செய்தி.

மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கருவிக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ‘குறைவாகத் தொற்றும்’ இல்லை, தொற்றாது.

2008-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் சிலர் இதைச் சொன்னபோது, பொறுப்பில்லாத பேச்சு என்று திட்டினார்கள். நானும் நம்பவில்லை. 2011-ல் ஒரு பெரிய ஆய்வு, மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அப்புறம் ‘பார்ட்னர்’ என்ற பெயரில் நடந்த ஆய்வுகள். 2019-ல் வெளியான இரண்டாவதில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் ஜோடிகள், ஆணுறை இல்லாமல் சுமார் 76 ஆயிரம் தடவை உறவு. துணையிடமிருந்து தொற்றியது: பூஜ்யம். ஆனால் அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது! கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒன்றுகூட வீட்டுக்காரரின் கிருமி இல்லை. வெளியிலிருந்து வந்தது. விஞ்ஞானத்துக்கு அது நல்ல முடிவு, அந்தப் பதினைந்து வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்பது வேறு ஆய்வு.

ஒரு எச்சரிக்கை: இது உடலுறவைப் பற்றிய பேச்சு. ஊசியைப் பகிர்வதற்கும் ரத்ததானத்துக்கும் இந்த உத்தரவாதம் கிடையாது. ஆணுறை தடுக்கிற மற்றப் பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது.

12 டிசம்பர்

மேலே நல்ல செய்தி என்று எழுதிவிட்டு இரண்டு நாளாக மனது உறுத்துகிறது. அந்தச் செய்தியை அரைகுறையாகச் சொல்லி ஒருவருக்கு நான் கெடுதல் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன். ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். லாரி ஓட்டுகிறவர். மருந்து ஆரம்பித்து ஒரு வருடம். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, அந்த ரிப்போர்ட் வந்திருந்தது, முதல் முறையாக ‘கண்டறியப்படவில்லை’ என்று. மதியம் ஒரு மணி, எனக்குப் பசி, வரிசையில் இன்னும் பதினைந்து பேர். “சார், கண்டறியப்படவில்லை என்றால்?” என்று கேட்டார். நான் தலை நிமிராமல், “சூப்பர் ரிப்போர்ட். கவலையே படாதீர்கள், போய்ட்டு வாங்க” என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கவரை மடிக்கவில்லை, கையிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு போனார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

எட்டு மாதம் கழித்து வந்தார். சட்டை தோளில் தொங்கியது. வாய் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. வைரல் லோடு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆலோசகர் அக்கா கேட்டபோது அவர் என் பக்கம் கையைக் காட்டினார், குற்றம் சொல்கிற மாதிரி அல்ல, சாட்சி காட்டுகிற மாதிரி. “சார்தான் சொன்னார், இல்லை என்று.”

நான் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது அதுதான். ‘கண்டறியப்படவில்லை’ என்றால் யாருக்குத்தான் ‘இல்லை’ என்று கேட்காது? சாவி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் சாவி வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு உதாரணத்தைச் சொல்ல எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

அவர் பிழைத்தார். திரும்ப மருந்து ஆரம்பித்து, வாய்ப்புண்ணுக்கும் வைத்தியம் பார்த்து, ஆறு மாதத்தில் கிருமி மறுபடியும் அடங்கியது. டோலுடெக்ராவிர் என்பதால் தப்பித்தார். அதற்கு முந்திய தலைமுறை மாத்திரையாக இருந்திருந்தால், நிறுத்திய இடைவெளியிலேயே கிருமி அதை மீறப் பழகியிருக்கக்கூடும் என்றார் டாக்டர்.

12 டிசம்பர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை. அது ஏன் முழுசாகப் போவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் நுழைந்ததும், அந்த அணுவின் மரபணுவுக்குள்ளேயே தன்னுடையதைச் செருகிக்கொள்கிறது. குடக்கூலிக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்ட மாதிரி. அப்படி எழுதப்பட்ட அணுக்களில் சில வருடக்கணக்கில் சும்மா இருக்கும். புதிதாக நகல் எடுப்பதைத்தான் மருந்து தடுக்கும், சும்மா இருப்பதைத் தொட அதற்கு வழியில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கிருமி ரத்தத்தில் திரும்பத் தெரியும். அந்த லாரிக்காரருக்கு நடந்தது இதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: வைரல் லோடு தெரியாத அளவுக்குக் குறைந்த பிறகும், சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் செய்தால் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு வரத்தான் செய்யும். அந்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. நாலு இடத்தில் போய் டெஸ்ட் எடுத்து, “மருந்து வேலை செய்யவில்லை” என்று அழுதவர்கள் உண்டு. வேலை செய்கிறது. பார்க்க வேண்டிய டெஸ்ட் வேறு.

14 டிசம்பர்

முழுசாகக் குணமானவர் யாருமே இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள், விரல் விட்டு எண்ணலாம். முதலாமவர் திமோத்தி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக பெர்லினில் 2007-ல் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். எச்.ஐ.வி. நுழையும் கதவான சி.சி.ஆர்.5, பிறவியிலேயே பழுதாக இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து அவருடைய மஜ்ஜையை வைத்தார்கள். எச்.ஐ.வி. திரும்பவே இல்லை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால். உயிருக்கே உலை வைக்கக்கூடிய சிகிச்சை அது. நாளைக்கு ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு எந்த டாக்டரும் செய்ய மாட்டார். ‘மூலிகையில் குணம்’ என்று போன் நம்பர் கொடுப்பவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கெட்ட வார்த்தை வரும், விடுகிறேன்.

15 டிசம்பர்

என் வேலையில் எனக்குப் பிடித்த ரிப்போர்ட் ஒன்று உண்டு. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் பதினெட்டாம் மாத டெஸ்ட். பிறந்ததும் அந்த டெஸ்ட்டை எடுத்தால் தாயின் எதிர்ப்புப் பொருளே குழந்தை ரத்தத்தில் இருந்து பாசிட்டிவ் காட்டும், அதை நம்ப முடியாது. அதனால் ஆறாவது வாரம் கிருமியின் மரபணுவை நேராகத் தேடுகிற டெஸ்ட், கடைசியாகப் பதினெட்டாம் மாதம் இந்த ஸ்ட்ரிப். மருந்து எதுவும் இல்லாவிட்டால் நூறு குழந்தையில் 15 முதல் 45 வரை தொற்றும். கர்ப்பத்திலேயே தாய்க்கு மருந்து கொடுத்து, குழந்தைக்கும் கொடுத்தால் ஐந்துக்கும் கீழே.

ஒன்றரை வயதுக் குழந்தை சும்மா உட்காராது, ஸ்ட்ரிப்பைப் பிடுங்கும். ஒரு கோடுதான் வருகிறது என்று பார்த்ததும் நான் ஒன்றும் சொல்வதில்லை, அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தப்பு, சொல்ல வேண்டும், இப்போது சொல்கிறேன்.

17 டிசம்பர்

லெனகாபவிர். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கப் போடுகிற புது ஊசி மருந்து. பத்திரிகைகளில் ‘எய்ட்ஸ் தடுப்பூசி’ என்று போடுகிறார்கள். தடுப்பூசி இல்லை. உடம்புக்கு எதையும் கற்றுக்கொடுக்காத மருந்து அது. தோலுக்கு அடியில் தங்கி ஆறு மாதம் கசிந்துகொண்டே இருக்கும், அடுத்த ஊசியைத் தவறவிட்டால் பாதுகாப்பும் போகும். வருடத்துக்கு இரண்டு ஊசி. 2024-ல் வெளியான ஆய்வில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இந்த வருடம் ஜூனில் அமெரிக்கா தடுப்புக்காக அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தினசரித் தடுப்பு மாத்திரை 2012 முதலே இருக்கிறது. ஆனால் மாத்திரை டப்பா வீட்டில் இருந்தாலே கேள்வி வரும். ஊசிக்கு டப்பா இல்லை. ஜன்னல் மேல் டம்ளர் வைத்தவனுக்கு இதன் அருமை புரிகிறது.

18 டிசம்பர்

சர்க்கரை ஒப்பீட்டுக்குத் திரும்புகிறேன். ஒன்றாம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மைத்துனர் போன் செய்து சண்டை போட்டார்: “மாப்பிள்ளை, சர்க்கரை என்ன அவ்வளவு லேசா? என் கால் விரலைக் கேட்டுப் பாருங்கள்.” நியாயம். மருந்து வைத்துப் பார்த்தால் இன்றைக்கு எச்.ஐ.வி.யே லேசு: ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒன்றிரண்டு டெஸ்ட், சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. மைத்துனருக்கு நாளைக்கு ஐந்து மாத்திரை, இரண்டு ஊசி. ஆனால் அவர் அதைப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார் பாருங்கள். இன்னொருவரால் முடியாதது அது.

20 டிசம்பர்

‘உயிர்க்கொல்லி’யைக் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். இப்போதும் அதேதான் சொல்வேன், ஆனால் இரண்டாம் தேதி நானே போட்ட 6 லட்சத்து 30 ஆயிரத்தையும் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் எல்லாம் மருந்து இல்லாத காலத்து ஆட்கள் இல்லை, போன வருடம் இறந்தவர்கள். தாமதமாக டெஸ்ட் எடுத்தவர்கள், நடுவில் நிறுத்தியவர்கள், மருந்து எட்டாதவர்கள். நிறையப் பேரைக் கொண்டுபோவது காசநோய். இந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது பல நாடுகளில் கிளினிக்குகளே மூடின. 2003 முதல் அந்தப் பணத்தில்தான் லட்சக்கணக்கானோருக்கு மாத்திரை போய்க்கொண்டிருந்தது. அந்த உதவி நிரந்தரமாக நின்றால் 2029-க்குள் கூடுதலாக 40 லட்சம் பேர் இறக்கலாம் என்று ஐ.நா. அமைப்பு கணக்குப் போட்டிருக்கிறது.

கொல்வது கிருமிதான், ஆனால் மருந்துக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் வைத்துக் கொல்கிறது. இதை ஒரே சொல்லில் அடைமொழியாக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், செய்தி எழுதுபவர்களுக்கு அனுப்பலாம்.

23 டிசம்பர்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். இவ்வளவு படித்ததற்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதாம், எப்போது எடுப்பது என்று கேட்கிறார். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தால் சாதாரண ஸ்ட்ரிப்பே போதும். அதற்கு முன் என்றால் இப்போதே ஒன்று, மூன்று மாதம் முடிந்து ஒன்று. நாளைத் தேதியிலிருந்து எண்ணாதீர்கள், சம்பவத்திலிருந்து எண்ணுங்கள். முதல் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு வந்தால் அதோடு முடிவு சொல்ல மாட்டார்கள், வேறு கிட்டில் திரும்பப் பார்ப்பார்கள். நடுவில் எதுவும் கூகுள் செய்ய வேண்டாம்.

27 டிசம்பர்

அந்த லாரிக்காரருக்குப் பிறகு நான் ஒரு சீட்டு அடித்து வைத்திருக்கிறேன். ‘கண்டறியப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வருகிறவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுப்பேன். இந்த இழையில் எழுதியதை வைத்து அதைக் கொஞ்சம் திருத்தி, புதிதாக வந்திருக்கும் சிஸ்டரிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரி: ‘பயப்பட வேண்டாம்.’

அவர் படித்துவிட்டு, “சார், இதைப் படித்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. பயப்படும்படி ஏதோ இருக்கிறது போல என்று” என்றார்.

அடித்துவிட்டேன். இப்போது முதல் வரி இப்படி இருக்கிறது: ‘மருந்து நன்றாக வேலை செய்கிறது. நிறுத்தினால் கிருமி திரும்பும். இன்று ராத்திரி மாத்திரையும் உண்டு.’